தோளில் ஏறிய யானை

ஓசூர்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய ஹவில்தார் எல்லப்பன் மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் ஹரிணி வணங்கி எழுதுவது. இங்கே அப்பாவின் வேலையைத் தவிர மற்றெல்லாம் நலம். சிங்காரப்பேட்டையில் நீங்களும் அத்தையும் மாமரங்களும் நலமாக இருக்க வேண்டும். போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

எம்பிராய்டரி கடையில் நான் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்குத் தோள் பேட்ஜ் வரைவது உங்களுக்குத் தெரியும். எல்லா ஏஜென்சிக்கும் கழுகு வேண்டும், கிரீடம் வேண்டும், கேடயம் வேண்டும், குறுக்கே இரண்டு வாள் வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற மனிதனுக்கு ஒரு நாற்காலி தரமாட்டார்கள், கிரீடம் மட்டும் தருவார்கள். வாளைக் குறுக்கே வைத்தால் சண்டை என்று பொருளா, சண்டை முடிந்தது என்று பொருளா? கேடயம் யாரைக் காக்கிறது? கேட்டால் எந்த முதலாளிக்கும் தெரியவில்லை. போன மாதம் அப்பா வேலை செய்யும் ஏஜென்சியின் முதலாளி நாராயணப்பனே வந்தார். காவலர்கள் உண்மையில் தூக்குவது ரிஜிஸ்டரும் பேனாவும்தானே, அதையே போடலாமா என்றேன். "கிளார்க்குனு நெனச்சுடுவாங்கம்மா. பாத்தா பயம் வரணும்" என்றார். எங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் உங்கள் தொப்பியில் யானை இருக்கிறதே, அந்த நினைவில் ஒரு யானையை வரைந்தேன். பட்டாளத்துச் சின்னத்தை அப்படியே எடுப்பது தப்பு என்று அதிலுள்ள வாள்களை விட்டுவிட்டு இரண்டு லத்திகளைக் குறுக்கே வைத்தேன். பயம் வருகிறது என்று நாராயணப்பனும் ஒப்புக்கொண்டு எல்லோருக்கும் தைக்கச் சொல்லிவிட்டார்.

அங்கேதான் வினை. ஜவளகிரியில் நம் ராகியை மூன்று வருடம் யானைகள் தின்று தீர்த்த பிறகுதான் அப்பா கம்பெனி கேட்டில் நிற்க வந்தார். ஆனாலும் அந்தப் பக்கத்து ஆட்கள் யானையை யானை என்று சொல்வதில்லை, சாமி என்பார்கள். பேட்ஜைப் பார்த்ததும் அப்பா கண்ணில் ஒற்றிக்கொண்டார், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டார். "சாமியத் தோள்ல வச்சிக்கினு தோலைக் கால்ல மாட்டறதா? போ பாப்பா" என்கிறார். அவருடைய வேலையோ, ஷூ போடாமல் வருகிறவர்களைக் கேட்டிலேயே நிறுத்துவது. அஜித்குமார் என்கிற பையனை நிறுத்தினாராம். "அண்ணா, உங்க ஷூ எங்க?" என்று அவன் கேட்டிருக்கிறான். "நான் சாமியச் சொமக்கறேன். நீ என்னடா சொமக்கற?" என்றாராம் அப்பா. அவன் சிரித்துக்கொண்டே டிபன் கேரியரைக் காட்டியிருக்கிறான். அதற்குள் அப்பாவோடு காவல் நிற்கும் நம் பக்கத்து ஆட்கள் மூன்று பேரும் ஷூவைக் கழற்றிவிட்டார்கள். கம்பெனி சேப்டி அதிகாரி கத்த, நாராயணப்பன் அப்பாவைக் கூப்பிட்டு, தோளில் இருந்த யானைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அடுத்த திங்கட்கிழமைக்குள் ஷூ போடாவிட்டால் யூனிபார்மைக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார்.

அப்பா உங்கள் பேச்சைத்தான் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொப்பியையும் பூட்ஸையும் போட்டுக்கொண்டு வாருங்கள். யானை தலையில் இருக்கும்போது பட்டாளத்தில் யாரும் வெறுங்காலோடு நடக்கவில்லை என்று சொல்லுங்கள். எனக்கும் ஒன்று சொல்லுங்கள் மாமா: உங்கள் சின்னத்தில் யானை ஏன் வந்தது? அதை ஜெயித்ததாலா, அதற்குப் பயந்ததாலா? நம்மை ஊரைவிட்டுத் துரத்தியதை நாமே தோளில் குத்திக்கொள்வதற்கு என்ன பெயர்?

அத்தைக்கு என் அன்பு. உங்கள் காதும் காலும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஹரிணி

பின்குறிப்பு: மாமா, வராதீர்கள். உறையை ஒட்டும்போது அப்பா கேட்டார், படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஏஜென்சி எல்லோருக்கும் ஏழாம் நம்பர் ஷூதான் கொடுத்ததாம். அப்பாவுக்கு ஒன்பது. காலைக் காட்டினார், இரண்டு குதிகாலிலும் தோல் இல்லை. "ஷூ கடிக்குதுன்னா வேற ஆளப் போடுவான். சாமின்னா நாராயணப்பனே கன்னத்துல போட்டுக்கறான்" என்றார். யானையை எடுத்துவிட்டுச் சிங்கம் போடச் சொல்லி நாராயணப்பன் இன்று மாலை எனக்குப் போன் செய்தார். அதையும் அப்பாவிடம் சொன்னேன். "போடு பாப்பா, சிங்கம் அம்மனோட வாகனம். ஒம்போதாம் நம்பர் வர்ற வரைக்கும் நீ எலியப் போட்டாலும் எனக்குச் சாமிதான்."