ரயில் வராத ஊரின் ஸ்டேஷன் மாஸ்டர்

ரயில் தாமதமாக வந்ததற்கு வருத்தம் தெரிவித்த ஸ்டேஷன் மாஸ்டர்கள் இந்தப் பூவுலகில் பலர் இருந்திருக்கலாம். ரயிலே வராத ஓர் ஊரில், தண்டவாளமே இல்லாத தெருவில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அவ்வாறு வருத்தம் தெரிவித்தவர் எங்கள் ஆரணி டேசன் மாஸ்டர் ஒருவர்தான்.

எங்கள் ஊருக்கென்று ஒரு ரயில் நிலையம் உண்டு. ஆனால் அது எங்கள் ஊரில் இல்லை. ஊர்ப் பெயரோடு ‘ரோடு’ என்று ஒரு சொல்லை ஒட்டவைத்துக்கொண்டு களம்பூரில் நிற்கிறது. பட்டுச்சேலை வாங்க வரும் வெளியூர்க்காரர்கள் அங்கே இறங்கி, ஊரைக் காணாமல் திகைத்து, பிறகு பஸ் பிடித்து வருவார்கள். அப்படி வியர்த்து வருகிறவர்களைக் கண்டால் நம்மவர் தம் கடையிலிருந்து இறங்கி வந்து கைகூப்புவார்.

“மன்னிச்சிக்கோங்க. வண்டி இன்னும் ஊருக்குள்ள வரலீங்க. ஜல்தியா ஏற்பாடு பண்றோம்.”

அவர்கள் யாரோ ரயில்வே அதிகாரி என்று எண்ணி, இரண்டு குறைகளை எடுத்துரைத்துவிட்டுப் போவார்கள். அவரும் மிகுந்த பொறுப்புடன் கேட்டுக்கொள்வார். உண்மையில் அவருடைய தொழில், எரிந்துபோன பம்புசெட்டு மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். அவருடைய மனைவியே “எங்க டேசன் மாஸ்டரு சாப்பிட வரலியா?” என்று கேட்ட பிறகு, அந்தப் பெயரைத் தேடுவது வீண் என்று விட்டுவிட்டோம்.

அவர் வீட்டுக் கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு சுவர். அந்தச் சுவரின் மையத்தில் பூஜை மாடம். மாடத்துக்கு ஒரு முழம் கீழே, சுவரின் இரு கோடியிலும் இரண்டு துளைகள். ஒரு துளையில் புறப்பட்டு மறு துளையில் புகுமாறு, கூடத்திலும் உள்ளறையிலும் சாண் அகலப் பலகை அடித்து, அதன்மேல் கம்பி பதித்து, ரயில் விட்டிருந்தார். மோட்டார் அவரே சுற்றியது. பெட்டிகள், சேலை வைத்துக் கொடுக்கும் அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டியவை. பச்சைச் சாயம் தோய்த்த பட்டுக்கழிவு, மரங்களாகவும் வயல்களாகவும் தழைத்திருந்தது. உள்ளறையில் காட்பாடியும் களம்பூரும் இருந்தன. கூடத்தில், மாடத்துக்கு நேர் கீழே, எழுத்துப் பிழையில்லாத ஒரு பலகை: ‘ஆரணி டவுன்.’ எழுதியவள் அவருடைய ஒரே மகள் செல்வி. ரயில் எஞ்சினுக்குத் தினமும் திருநீறு இட்டவளும் அவளே.

எழுபதுகளில் நான் ஒரு பதிகக் குழுவை நடத்திவந்தேன். தை மாதந்தோறும் ஒரு பஸ்ஸை அமர்த்திக்கொண்டு, பாடல் பெற்ற தலங்களுக்குப் போய், அந்தந்தத் தலத்துப் பதிகத்தை அந்தந்தச் சந்நிதியில் பாடிவருவோம். மாஸ்டரும் வருவார். ஆனால் நிபந்தனையோடு வருவார். வழியில் எங்கேனும் மாதிரி ரயில் காட்சி இருந்தால் பஸ் நிற்க வேண்டும். இந்த ஊரில் ஒரு பள்ளியின் விஞ்ஞானக் கண்காட்சி, அந்த ஊரில் ஒரு காட்சிசாலையின் கண்ணாடிப் பேழை என்று, எங்கள் தல யாத்திரைக்குள்ளே அவருடைய தல யாத்திரை ஒன்று நடந்துகொண்டேயிருக்கும்.

ஒரு முறை மதராஸ் பொருட்காட்சிக்கு எங்களை இழுத்துச் சென்றார். அங்கே ஒரு கொட்டகையில், மலையும் பாலமும் குகையும் அமைத்து, அழகான ரயில் ஒன்றை ஓடவிட்டிருந்தார்கள். சுற்றிலும் கூட்டம். மாஸ்டர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனார். ஒரு சுற்று பார்த்தார். முகம் கறுத்தது. காவலுக்கு நின்ற ஊழியரைக் கூப்பிட்டார்.

“ஏம்பா, வண்டி எடப்பக்கமா சுத்திகினு கீதே, யாரும் கேக்கறதில்லியா?”

“சின்ன ரயிலுதானே நைனா, எப்படிச் சுத்தினா இன்னா?”

“இன்னாவா? நீ கோயிலுக்குப் போனா அப்படித்தான் சுத்துவியா?”

“இது கோயிலு இல்லியே!”

“செருப்ப வெளிய வுட்டுட்டு வந்துகிறேன். என் காலப் பாரு.”

அந்த ஊழியர் அவர் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பின்னாலிருந்த கூட்டத்தைப் பார்த்தார். இந்தப் பேஜார் இப்போது தீராது என்று தெரிந்துகொண்டு, மேசைக்கடியில் புகுந்து, இரண்டு மின்கம்பிகளை இடம் மாற்றிச் செருகினார். ரயில் ஒரு கணம் யோசித்தது. பிறகு வலமாக ஓடத் தொடங்கியது. மாஸ்டர் கைகூப்பியபடி அதனோடு நடந்தார். அவர் பின்னால் குழந்தைகள் நடந்தார்கள். குழந்தைகளின் பின்னால், பழக்கதோஷத்தால், எங்கள் பதிகக் குழுவினர் நடந்தார்கள். நானும் ஒரு சுற்று வந்ததாகக் குழுவில் ஒரு வதந்தி உண்டு. அதை நான் உறுதிசெய்வதாயில்லை.

திரும்பும் வழியில், பஸ்ஸில், அவரைக் கடிந்துகொண்டேன்.

“மாஸ்டர், இறைவன் எழுந்தருளியிருக்கும் இடத்தை வலம்வருவது முறை. பொம்மை ரயிலை வலம்வரலாமா?”

“ஐயா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க பாடற பதிகத்துல மொதல்ல இன்னா வருது? வயலு, கொளம், வாழத்தோப்பு, மாடி வூடு. எல்லாம் சொல்லிட்டு, கடசீலதான் சாமி வர்றாரு. நானும் அதையேதானுங்க பலகை மேல வெச்சிகிறேன்.”

“அதில் ரயில் எங்கே வருகிறது?”

“பதிகம் பாடினவங்க காலத்துல ரயிலு இல்லீங்களே. இருந்திருந்தா அவ்ளோ தூரம் நடந்திருப்பாங்களா?”

பஸ் முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாலை அடுத்த சந்நிதியில் பாடும்போது, வயலும் குளமும் வருகிற அடிகளில் என் குரல் வழக்கத்தைவிடச் சற்று நிதானித்தது.

வெளியூர் போகும் வாசகர்கள் எங்கேனும் இப்படி ஒரு சிறு ரயில் ஓடக் கண்டால் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு, மாஸ்டர் ஒரு முறை வகுத்து வைத்திருந்தார். எஞ்சினைப் பார்த்து வாய்பிளக்கக் கூடாது. ஸ்டேஷனைப் பார்க்க வேண்டும். “பெஞ்சியில யாராவது ஒக்காந்துகினு இருக்காங்களான்னு பாருங்க. ஆளு காத்துகினு இருந்தாத்தான் அது ரயிலு. இல்லேன்னா வெறும் தகரம்.” பெஞ்சியில் ஆள் வைத்த காட்சிகளை அவர் பாடல் பெற்ற தலங்கள் என்பார். ஆள் வைக்காதவற்றை, பாட்டில் பெயர் மட்டும் வந்துபோகும் ஊர்களோடு சேர்த்துவிடுவார். என்னிடமிருந்து கற்ற கலைச்சொற்கள் இவ்வாறு பயன்பட்டன.

எண்பதுகளின் தொடக்கத்தில் செல்விக்கு வரன் வந்தது. பையன் தெள்ளாரில் பள்ளி ஆசிரியர். சாந்தமானவன். அவனுடைய தந்தையோ, சம்பந்தம் என்றால் குலை நடுங்க விசாரிப்பவர் என்று பெயரெடுத்தவர். முன்னர் இரண்டு வரன்கள் ‘அப்பனுக்கு மூளை சரியில்லையாமே’ என்று சொல்லி விலகியிருந்தன. மூன்றாவதும் அப்படிப் போனால் மகளின் கதி என்ன என்று மாஸ்டரின் மனைவி கலங்கிப்போனார். என்னை வரவழைத்தார்.

“அண்ணே, நீங்க வந்து கூடத்துல ஒக்காந்து ஒரு பதிகம் பாடுங்க. ஒங்களப் பாத்தா மரியாதப்பட்ட வூடுன்னு தெரியும். இவர நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டார். உள்ளறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கூடத்துப் பலகையையும் இரு துளைகளையும் மறைக்க, பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் சொல்லி நெய்து வாங்கிவந்த அரக்குப் பட்டுச்சேலையை, சுவரின் நீளத்துக்கும் அலங்காரம் போலக் கட்டித் தொங்கவிட்டார். செல்வியின் கல்யாணத்துக்கென்று வாங்கிய சேலை அது. மேலே பூஜை மாடம் மட்டும் தெரிந்தது. பிறகு கணவரை மாடத்தின் முன்னால் நிறுத்தி, விளக்கின்மேல் கைவைக்கச் சொன்னார்.

“இன்னிக்குப் பொழுது வரைக்கும் ரயிலப் பத்தி ஒரு பேச்சு பேச மாட்டேன்னு சொல்லு.”

மாஸ்டர் சொன்னார். என் முன்னாலேயே சொன்னார். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

பிள்ளை வீட்டார் வந்து அமர்ந்தார்கள். காலையிலிருந்தே கரண்ட் இல்லை. செல்வி காப்பி கொடுத்துவிட்டுத் தாயின் அருகில் தலைகுனிந்து அமர்ந்தாள். நான் பாடத் தொடங்கினேன். எல்லாம் முறையாக நடந்தது. முதல் பாட்டு முடிந்ததும், பையனின் தந்தை தொண்டையைக் கனைத்துக்கொண்டு மாஸ்டரிடம் திரும்பினார்.

“பஸ் ஸ்டாண்டுல வெலாசம் கேட்டேங்க. ‘டேசன் மாஸ்டர் வூடா?’ன்னு கேட்டாங்க. எந்த ஸ்டேஷன்ல வேலை?”

மாஸ்டர் விளக்கைப் பார்த்தார்.

“மோட்டாருக்குக் காயில் கட்டறாருங்க” என்றார் மனைவி.

“அப்போ டேசன் மாஸ்டர்னு ஏன் கூப்பிடறாங்க?”

அந்த நேரத்தில் கரண்ட் வந்தது. கேள்விக்குரிய விடை, பூட்டிய அறையிலிருந்து புறப்பட்டது. சுவிட்சை அணைக்கவில்லை என்பதை, கரண்ட் இல்லாத வீட்டில் யாரும் கவனித்திருக்கவில்லை.

முதலில் சுவருக்குள் ‘கடகட’வென்று ஓர் ஓசை. அடுத்து, தொங்கிய பட்டுச்சேலையின் வலது கோடியில் ஒரு புடைப்பு தோன்றியது. அது மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது.

“ஐயோ, எலி!” என்று பையனின் தாய் காலை மேலே தூக்கிக்கொண்டார்.

மாஸ்டரின் மனைவி என்னைப் பார்த்தார். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே அடுத்த பாட்டை உச்சத்தில் எடுத்தேன். புடைப்பு இடது கோடியில் மறைந்தது. நான் மூச்சுவிட்டேன். உள்ளறையைச் சுற்றிக்கொண்டு அது மறுபடி வலது கோடியில் வந்தது. நான் மறுபடி உச்சத்துக்குப் போனேன். இவ்வாறு நானும் ரயிலும் மாறி மாறி முயன்றுகொண்டிருக்கையில், மாடத்துக்கு நேர் கீழே புடைப்பு நின்றுவிட்டது. சேலையின் சரிகைக் கரை சக்கரத்தில் சிக்கி, மோட்டார் முனகத் தொடங்கியது. மெல்லிய புகை வாடை எழுந்தது.

பையனின் தந்தை எழுந்து நின்றார். “இன்னாங்க அது?”

மாஸ்டரின் கை தானாக எழுந்தது, பாதியில் நின்றது. அவர் ஆணையிட்டிருந்தார். மேலே மகளின் கல்யாணச் சேலை, கீழே அவர் கட்டிய எஞ்சின், எதிரே மகளின் வாழ்வு. கண்களில் நீர் கோத்துக்கொண்டு, சிலைபோல் உட்கார்ந்திருந்தார். நான் பாட்டை நிறுத்தினேன்.

எழுந்தவள் செல்வி. தாய் முந்தானையைப் பிடித்து இழுத்ததையும் பொருட்படுத்தாமல் சுவரருகே போனாள். சேலையை உயர்த்தி மடித்து மாடத்து ஆணியில் மாட்டினாள். சக்கரத்திலிருந்து சரிகையை நூல் அறாமல் விடுவித்தாள். எஞ்சினின் திருநீறு கலைந்திருந்தது. மாடத்திலிருந்து ஒரு துளி எடுத்து மறுபடி இட்டாள். பிறகு வந்திருந்தவர்களை நோக்கி நிமிர்ந்தாள்.

“இது ஆரணி டவுனுங்க. இந்த வண்டியாலதான் எங்கப்பாவ டேசன் மாஸ்டர்னு கூப்பிடறாங்க. லேட்டானதுக்கு மன்னிச்சிக்கோங்க.”

எஞ்சினைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். ரயில் புறப்பட்டது. சாமி மாடத்தின் கீழாக நகர்ந்து, துளையில் மறைந்து, சுவரின் மறுபுறம் ஓடி, மீண்டும் வந்தது. பையனின் தந்தை குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். மாஸ்டரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

“சாமிய வலமாத்தான் சுத்துது” என்றார் பையனின் தந்தை, கடைசியில்.

“எப்பவும் வலம்தாங்க” என்றாள் செல்வி.

அவர் மறுபடி குனிந்து, கூடத்துப் பலகையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். “தெள்ளாருக்கு வண்டி இல்லியாம்மா?”

“இது வரைக்கும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் அவள் மறுபடி தலைகுனிந்தாள். பையன் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தான். மாஸ்டர் மட்டும் அன்று பொழுது சாயும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆணை ஆணைதான்; வாயைத் திறந்தால் ரயில்தான் வரும் என்று அவருக்கே தெரியும். தாம்பூலம் மாற்றும்போதுகூடத் தலையை ஆட்டியே சம்மதம் தெரிவித்தார்.

கல்யாணம் நடந்தது. செல்வி அந்த அரக்குச் சேலையைத்தான் உடுத்தியிருந்தாள். கரையில் சக்கரம் பட்ட தடம் இலேசாகத் தெரிந்தது. யாரும் அதை மறைக்கச் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். வீடு அமைதியாயிருந்தது. கூடத்துப் பலகையில் ‘ஆரணி டவுன்’ தாண்டி ஒரு புதிய நிலையம். ‘தெள்ளார்’ என்ற பலகையை அவரே எழுதியிருந்தார், எழுத்துகள் கோணலாயிருந்தன. ஸ்டேஷனில் ஒரு பெஞ்சி. பெஞ்சியில் அரக்குப் பட்டுத் துண்டு சுற்றிய சிறு பொம்மை ஒன்று.

ரயில் வந்து தெள்ளாரில் நின்றது. மாஸ்டர் கையில் பச்சைக் கொடியோடு நின்றிருந்தார். அசைக்கவில்லை. நெடுநேரம் ஆயிற்று.

“என்ன மாஸ்டர், கொடி காட்டவில்லையா?”

“இருங்கய்யா” என்றார், பெஞ்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஏர்றாங்களான்னு பாக்கறேன்.”

நடை திறக்கக் காத்து நான் எத்தனையோ சந்நிதிகளில் நின்றவன். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.