ஆகாய விமானமும் அண்ணன் முழங்கையும்

நான் எடுத்த படங்களிலேயே படுமோசமானதுதான் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

பாளையங்கோட்டையில் படம் பிடிக்கும் கடை அண்ணனுடையது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியதும் அண்ணன்தான் சேர்த்துக்கொண்டான். நாங்கள் பிடித்தவர்களில் பாதிப்பேர் செத்தவர்கள். (உயிரோடு பிடித்தால் ஆயுசு குறையும் என்று ஊரில் பயம்.) நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, படப்பெட்டியின் முன்மூடியைக் கழற்றி, பத்து எண்ணி மூடுவோம். அசையாமல் இருப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

ஒருநாள் மைதானத்துக்கு ஒரு துரை ரெட்டைச் சிறகு விமானம் கொண்டுவந்தார். ஸ்ரீவைகுண்டத்திலிருந்தெல்லாம் ஜனம் வண்டி கட்டி வந்தது. அண்ணன் யாரிடமோ கோட்டு இரவல் வாங்கி, மூச்சுவிட முடியாமல் வந்து நின்றான்.

"ஊரையே படம் பிடிச்சாச்சு. என்னை ஒருத்தனும் பிடிக்கலலே. விமானத்துகிட்ட நிக்கேன், நீ பிடி. படம் விழுற கண்ணாடித் தகடு ஒண்ணுதான் மிச்சம், பாத்துக்க."

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். ஜில்லாவிலேயே விமானத்தைப் பிடித்த முதல் ஆள் நான்தான் என்ற நினைப்பு தலைக்கேறியது. அந்த நேரம் பார்த்து அண்ணனின் கோட்டு சிறகை மறைத்தது.

"அண்ணே, சிறகு மறையுது. அங்கன தள்ளு."

"இங்கனயா?"

"இன்னும் கொஞ்சம்."

"லே, நான் படத்துக்குள்ள நிக்கேனா, மேலப்பாளையத்துல நிக்கேனா?"

"உள்ளதான் நிக்கே. பேசாத!"

(பார்க்கவே இல்லை. சிறகைத்தான் பார்த்தேன்.)

மூடியைக் கழற்றினேன். மூன்று எண்ணுவதற்குள் விமானம் உறுமியது. புழுதி கிளம்பியது. தலைப்பாகைகள் பறந்தன. விமானம் நகர்ந்தது.

"துரை, அசையாதீங்க! இன்னும் ஏழு இருக்கு!" என்று கத்தினேன்.

பக்கத்தில் நின்ற கடைக்கார அண்ணாச்சி, "ஏலே, அது பறக்கத்தான்லே வந்திருக்கு. அது என்ன பொணமா, அசையாம உக்காந்திருக்க?" என்றார்.

அப்போதும் நான் பத்துவரை எண்ணிவிட்டுத்தான் மூடினேன்.

தகட்டைக் கழுவிப் பார்த்தால் விமானம் வெறும் புகை. ஜனமும் புகை. ஓரத்தில் மட்டும் ஒரு முழங்கை, கோட்டுப் பொத்தான்கூடத் தெரிகிற துலக்கத்தில். எண்ணுகிற சத்தம் கேட்டதும் அண்ணன் அசையவே இல்லை.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "போகட்டும்லே. அடுத்த விமானம் வரட்டும், நடுவுல நிக்கேன்."

விமானம் வரவில்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. நாலே நாளில் அண்ணனை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, "பெட்டிய எடுலே" என்றார்கள். மூடியைக் கழற்றினேன். ஒன்று எண்ணினேன். ரெண்டு வாயில் வரவில்லை. மூடிவிட்டேன். தகட்டில் ஒன்றும் விழவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா அந்தப் பழைய படத்தைக் காட்டுவாள். "இது பெரியவன் முழங்கை. அந்தா தெரியுதுல்லா புகை, அதுதான் விமானம். சின்னவன் அசையாதேன்னு சொன்னான், அது கேக்கல. எம்புள்ள கேட்டான்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வெள்ளிக்கிழமை அந்த முழங்கைக்குப் பூ வைப்பாள். ஓரத்தில் இருப்பதால் பூ நிற்காது, சரிந்து விழும். நான்தான் எடுத்து எடுத்து வைக்கிறேன்.