நான் எழுதிய முதல் வாரக் குறிப்பு

எனக்குப் பயப்படக் காரணமே தேவைப்பட்டதில்லை. காற்றடித்தால் கூரை போய்விடுமோ என்று பயம். அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று பயம். இப்படிப்பட்டவன், ஜப்பான்காரன் எங்களைப் பிடித்து ஆண்ட காலத்தில், எழுத்தாளனாக ஆசைப்பட்டேன். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

படித்தது எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை. அதற்கப்புறம் சிம்பாங் பூலாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவும் கத்தியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பால் எடை எழுதும் பழைய காகிதங்களைத் தைத்து ஒரு நோட்டு செய்தேன். ஒரு வாரம் முழுக்க, நடந்த நல்லதை மட்டும் எழுதுவது என்று முடிவு. (கெட்டதை எழுத அத்தனை காகிதம் இல்லை.)

நல்லது என்றால் என்ன? அரைக் கட்டி சவுக்காரம் கிடைத்தது. சுட்ட மரவள்ளிக்கிழங்கு தீயாமல் இருந்தது. கூட்டாளிகள் முனியாண்டி, பெருமாளோடும், எங்கள் இரண்டு நாய்கள் டைகர், மணியோடும் லகாட்டில் ஈயம் தோண்டிய பழைய குட்டைக்கு மீன் பிடிக்க நடந்தது. அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் காலத்தில் பெயர் எழுதிய காகிதம் என்றாலே போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கும் லிஸ்ட்டுதான். என் நோட்டு யார் கையிலாவது சிக்கி, கூட்டாளிகளைக் கொண்டுபோய்விட்டால்? தந்திரமாக யோசித்தேன். கூட்டாளிகளுக்கு நாய்களின் பெயரை வைத்துவிட்டேன். அப்புறம் நாய்களுக்குப் பெயரில்லாமல் போகிறதே என்று மனசு கேட்கவில்லை. அவற்றுக்குக் கூட்டாளிகளின் பெயரை வைத்துவிட்டேன்.

(ஆமாம். நோட்டில் அவர்கள் பெயர் அப்படியேதான் இருந்தது. எனக்கு அது அப்போது தோன்றவில்லை.)

ஞாயிறு காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார்கள். லாரியோடு வந்திருந்த ஜப்பான் அதிகாரி பிரம்பால் தோளைத் தொட்டால், அந்த ஆள் சயாமுக்கு. முனியாண்டியைத் தொட்டான். பெருமாளைத் தொட்டான். இரண்டு பேரும் லாரிப் பக்கம் போய் நின்றார்கள். முனியாண்டியின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதது எனக்குக் கேட்டது.

அடுத்து என் முறை. விதிப்படி இடுப்பை வளைத்துக் குனிந்தேன். கோணிச்சாக்குக் கால்சட்டையில் சொருகியிருந்த நோட்டு நழுவி, அதிகாரியின் பூட்ஸ் மேல் விழுந்தது.

அதிகாரி நோட்டை எடுத்து, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் நீட்டினான். அதிகாரிக்கு மலாய் தெரியும். கிராணி தமிழில் உரக்க வாசித்து, ஒவ்வொரு வரியாக மலாயில் சொல்ல வேண்டும் என்றான்.

கிராணி என்னைவிடப் பயந்தவர். உள்ளதை உள்ளபடி வாசித்தார்.

"திங்கள். முனியாண்டி எலியைப் பிடித்துத் தின்றான். எனக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை."

முனியாண்டியின் அம்மா அழுவதை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தாள்.

"செவ்வாய். பெருமாள் தண்டல் காலைக் கடித்தான். எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம்."

எங்களை வேலை வாங்கும் தண்டல், காலில் கட்டோடு அங்கேயேதான் நின்றார்.

"புதன். டைகர் வழியெல்லாம் அழகாகப் பாடினான். பெருமாள் ஒவ்வொரு மரத்துக்கும் காலைத் தூக்கி…" கிராணி இருமினார்.

"யார் அந்த முனியாண்டி? யார் பெருமாள்?" என்று அதிகாரி கத்தினான்.

இரண்டு பேரும் லாரிப் பக்கத்திலிருந்து நடுக்களத்துக்கு வந்தார்கள். முனியாண்டி என்னை முறைத்தான். "டேய் மச்சான், என்னடா எழுதி வச்சிருக்கே?" என்று பல்லைக் கடித்தான். அப்புறம் அதிகாரி ஓரடி பின்வாங்கியதைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ மாறியது.

முனியாண்டி குரைத்தான்.

சும்மா இல்லை. கழுத்து நரம்பு புடைக்க, எச்சில் தெறிக்கக் குரைத்தான். பெருமாளுக்கு எதுவும் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும். சுற்றிலும் பார்த்துவிட்டு, குத்த வைத்து உட்கார்ந்து காதைச் சொறிந்தான்.

"கீலா!" என்றான் அதிகாரி. பைத்தியம் என்று சொல்ல அவனுக்கு அந்த ஒரு மலாய்ச் சொல் போதும். பிரம்பை நீட்டி இரண்டு பேரையும் எங்கள் லயத்து வீடுகள் பக்கம் விரட்டினான். பிறகு என்னிடம் வந்தான். ஒரே அறை. இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது. கூடத் திரிகிறவனும் கீலாதான் என்று நினைத்திருக்க வேண்டும், என் தோளைப் பிரம்பு தொடவில்லை.

லாரி மற்றவர்களோடு கிளம்பிப் போனது. அவர்களில் ஒருத்தர்தான் திரும்பி வந்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மூன்று நாள் கிழங்கு இறங்கவில்லை.

அதற்கப்புறம் அந்த அதிகாரி வரும்போதெல்லாம் இவர்கள் குரைத்தாக வேண்டும். ஜப்பான்காரன் போகும்வரை குரைத்தார்கள். அதற்குள் சேதி ஈப்போ வரை போய்விட்டது. சண்டை முடிந்ததும் பெருமாள் புத்திசாலித்தனமாக லூமுட் பக்கம் போய், விஷயம் தெரியாத வீட்டில் பெண் கட்டினான். முனியாண்டிக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. கேட்ட இடமெல்லாம், "கடிப்பாராமே?" என்றார்கள்.

ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். "மச்சான், எழுதினது நீ. நீயே பொண்ணு குடு லா."

உள்ளேயிருந்து என் தங்கச்சி புஷ்பத்தின் குரல் வந்தது. "எலி திங்கறதை விட்டுட்டாருன்னா எனக்குச் சரிதாண்ணே."

இப்போது அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் புஷ்பம் என்னைப் பிறத்தியாருக்கு இப்படித்தான் காட்டுவாள்: "இவருதான் எங்க அண்ணன். எங்க கல்யாணப் பத்திரிகைய ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஜப்பான்காரன் முன்னால வாசிக்க வச்சவரு."