உயிரோடு இருக்கும் கூமுக்கு, ஓர் இரைச்சல் விஷயமாக

நீஷ்,
டிசம்பர் 10

பெருமதிப்பிற்குரிய கூம் மிலுட்டின் அவர்களுக்கு,

ராடிவோயே மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி ஸ்தொயான்காவும் நலம். அவளுடைய ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அதற்கு நான்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, அவளே சொல்கிறாள். பிரோட்டில் தாங்களும், தங்கள் வீட்டம்மா கூமா ரூஷாவும், தங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாற்பத்தொரு வருடம் நீ, வா, போ என்று பேசிவிட்டு இப்போது தாங்கள் என்று எழுதுவது நகராட்சிக்கு மனுப் போடுவது போலத்தான் இருக்கிறது. ஆனால் சென்ற செவ்வாய்க்கிழமை தாங்கள் தொலைபேசியை வைத்த சத்தத்தைக் கேட்ட ஸ்தொயான்கா, இனிமேல் மரியாதையாக எழுது என்று உத்தரவு போட்டுவிட்டாள்.

என் கல்யாணத்தில் பக்கத்தில் சாட்சியாக நின்று எனக்குக் கூம் ஆனவர் தாங்கள், என் மகள் யாஸ்னாவை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திப் பெயர் வைத்தவர் தாங்கள். கூடப் பிறந்த அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் எங்கள் கட்டடத்திலேயே நாலு பேர் இருக்கிறார்கள். கூமோடு பேச்சு இல்லாதவன் ஒருவன்கூடக் கிடையாது. நான் முதல் ஆளாகிவிடுவேனோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. வருகிற பத்தொன்பதாம் தேதி எங்கள் வீட்டுப் புனிதர் நிக்கோலாவின் நாள். அழைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. புனிதர் நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, வர வேண்டியவர் தானாக வருவார். என் அப்பா யாரையும் அழைத்ததில்லை, அவருடைய அப்பாவும் அழைத்ததில்லை. அன்றைய விருந்துக்குக் கெண்டை மீனுக்குச் சொல்லியாகிவிட்டது என்பதை ஒரு செய்தியாக மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இனி நடந்தது. அக்டோபரில் யாஸ்னா ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்திலிருந்து ஒரு ஆம்ப்ளிஃபயர் அனுப்பினாள், சோப்பு டப்பா அளவு, இரும்பு உடம்பு. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒயர் அதற்குள் போகும், சுவரிலிருந்து ஒரு ஒயர் போகும், ஹெட்போனை அதில் சொருகிக் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். நான் அக்கார்டியன் பாட்டை ஊருக்கே கேட்கும்படி வைக்கிறேனாம், கீழ்வீட்டு சவேட்டா அம்மாள் தன் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரைக் கரண்டியால் அடிக்கிறாளாம், குழாய் ஒன்றே என்பதால் எட்டாவது மாடி வரைக்கும் அந்த அடி கேட்கிறதாம். சரி, மகள் ஆசைப்பட்டாள் என்று மாட்டிக்கொண்டேன். அக்கார்டியன் அருமையாக வந்தது. அதற்கு அடியில் ங்ங்ங் என்று இன்னொன்றும் வந்தது. பதிவு பழசு, அதில் உள்ளது போலும் என்று வேறு பாட்டு வைத்தேன், அதிலும் இருந்தது. பாட்டை நிறுத்தினேன், அது மட்டும் நிற்கவில்லை. மவுஸை நகர்த்தினால் கீச்சென்றது, வேகமாக நகர்த்தினால் வேகமாகக் கீச்சிட்டது. கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் எறும்பு ஊர்வது போல விரல் கூசியது. நான் வாழ்நாள் முழுவதும் ரயில்வேயில் கால அட்டவணை எழுதியவன், ஒரு வண்டி ஏன் தாமதம் என்றால் காரணம் சொல்லத் தெரியும், இதற்கு எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

பிறகு தற்செயலாக ஆம்ப் மேல் கையை வைத்தேன், இரைச்சல் அடங்கிவிட்டது. கையை எடுத்தேன், வந்துவிட்டது. இடது கையை வைத்தால் முக்கால்வாசி அடங்கியது. ஸ்தொயான்கா ஒரே ஒரு விரல் வைத்தாள், கோவில் போல அமைதி. எதிர்வீட்டு போஷ்கோ முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், உலகத்தில் அவருக்குத் தெரியாதது கிடையாது, அவர் வந்து கை வைத்ததும் இரைச்சல் இரண்டு மடங்கானது. அதில் அவருக்கு வருத்தம். ஆகவே ஒரு வாரம் நான் பாட்டுக் கேட்கும்போதெல்லாம் ஸ்தொயான்கா பக்கத்தில் நாற்காலி போட்டு ஆம்ப் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் காய்ந்த பீன்ஸ் விதையில் கல் பொறுக்கினாள். கல்யாணத்தன்று பாதிரியார் இதையெல்லாம் சொல்லவில்லையே என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பாட்டு நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் போஷ்கோ வருத்தத்தை விழுங்கிக்கொண்டு மறுபடி வந்து, கம்ப்யூட்டருக்குப் பின்னால் உள்ள பிளக்கில் எர்த் இல்லை என்றார். நான் அவருக்கு வாசலைக் காட்டினேன். இந்த வீட்டின் ஒயரிங்கை எண்பத்தாறில் என் கூம் தன் கையால் செய்தார், மூன்று நாள் உளியால் சுவரைக் கொத்தினார், ஒரு பைசா வாங்கவில்லை, அவர் எர்த் கொடுக்காமல் விட்டிருப்பாரா என்று படியிறங்கும் வரை பின்னாலேயே போய்க் கேட்டேன். யாஸ்னாவின் கணவர் கெர்ஹார்ட் போனில் அதே எர்த்தைச் சொன்னார். அவருக்கு வாசலைக் காட்ட முடியாது, அதனால் லைன் சரியில்லை என்று கத்திவிட்டு வைத்தேன். மூன்றாம் நாள் போஷ்கோ சமாதானமாக வந்து, பிளக்கைக் குறை சொல்ல வேண்டாம், ஆம்பிலிருந்து ஒரு கம்பியை எடுத்து ரேடியேட்டரில் கட்டுவோம், அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம் என்றார். கட்டினோம். இரைச்சல் பாதி குறைந்தது, பதிலுக்கு எங்கோ ஒரு வானொலி நிலையம் காதுக்குள் வந்து, மருமகளின் பிறந்த நாளுக்கு மாமியார் விரும்பிக் கேட்ட பாடலை முழுதாகப் பாடியது. அந்தச் சமயம் பார்த்து சவேட்டா அம்மாள் வேறு எதற்கோ கோபப்பட்டுக் கரண்டியால் அடிக்க, கட்டின கம்பி ஆடி, அந்த அடி நேராக என் மண்டைக்குள் இறங்கியது. கம்பியை அவிழ்த்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் திஹோமிர் என்ற எலக்ட்ரீஷியன் வந்தார். கூப்பிட்டது ஸ்தொயான்கா, நான் அல்ல, இதைத் தாங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். அவளுடைய விரல் மரத்துப்போய்விட்டதாம். செவ்வாய்க்கிழமை அவர் கம்ப்யூட்டர் மேசையை இழுத்துப் போட்டு பிளக்கைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதுதான், கெண்டை எத்தனை கிலோ வாங்குகிறாய் என்று கேட்கத் தாங்கள் போன் செய்தீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஸ்பீக்கரில் போட யாஸ்னா கற்றுக்கொடுத்திருக்கிறாள், அதிலிருந்து வெளியே வரக் கற்றுக்கொடுக்கவில்லை. திஹோமிர் பிளக்கை வெளியே இழுத்தார், உள்ளே பார்த்தார். பிறகு நம் நாட்டில் குழாய் ரிப்பேர்காரர், ஓடு பதிப்பவர், பல் டாக்டர் வரைக்கும் எவர் வந்தாலும் முதலில் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"யாருங்க இந்த வேலையப் பார்த்தது?"

கூமே, நான் என்ன செய்வேன்? தங்கள் பெயரைச் சொன்னால் திஹோமிர் நீஷ் முழுக்கச் சொல்வார், நீஷ் பிரோட்டுக்குச் சொல்லும். முப்பது வருடம் பிரோட்டில் மின்வாரியத்தில் இருந்த மனிதரின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. தாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அந்த நினைப்பில் மறந்துவிட்டது.

"அவர் இப்ப உயிரோட இல்லீங்க" என்றேன்.

திஹோமிர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "ஆத்மா சாந்தியடையட்டும். ஆனா போறதுக்கு முன்னாடி எர்த்தைக் குடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

அப்போதுதான் போன் பேசியது.

"யாரு செத்துப்போனது, ராடிவோயே?"

"யாருமில்ல கூமே. பழைய ஆளு ஒருத்தர். உனக்குத் தெரியாது."

"எண்பத்தாறுல மூணு நாள் உன் வீட்டுச் சுவத்தைக் கொத்துனானே, அவனா?"

திஹோமிர், அடுத்த வீட்டில் கேட்காதபடி, எர்த் என்றால் என்ன என்று எனக்கு மெதுவாக விளக்கிக்கொண்டிருந்தார்.

"சரி. நாப்பதாம் நாளுக்குச் சொல்லி அனுப்பு, வந்து மெழுகுவத்தி ஏத்துறேன்" என்று தாங்கள் போனை வைத்தீர்கள்.

உடனே திஹோமிரை அனுப்பிவிட்டேன், பிளக் இன்னும் இரண்டு கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதை யாரும் தொடக்கூடாது என்று அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து ஆறு முறை போன் செய்தேன், எடுத்த கூமா ரூஷா ஒவ்வொரு முறையும் நீங்கள் தூங்குவதாகச் சொன்னார். காலை பத்து மணிக்கு நீங்கள் தூங்கி நான் பார்த்ததில்லை. இரவும் பகலும் இதையே யோசித்து என் மூளை குழம்பிவிட்டது. நீங்கள் எர்த் கொடுத்தீர்கள் என்றே நான் நம்புகிறேன். கொடுத்த எர்த் இத்தனை வருடத்தில் தேய்ந்துபோயிருக்கலாம். அல்லது ஆஸ்திரியாக்காரன் பழக்கப்பட்ட எர்த் வேறாக இருக்கலாம். அப்படியே நீங்கள் கொடுக்க மறந்திருந்தாலும், மூன்று நாளும் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தது நான்தானே, அந்தத் தவறு என்னுடையது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, மன்னிக்க ஒன்றுமில்லை. இந்த வரியை அடித்துவிடு என்கிறாள் ஸ்தொயான்கா, பேனாவால் எழுதியாகிவிட்டது, விட்டுவிடுங்கள். எனக்கு ஆம்ப்பும் வேண்டாம், அக்கார்டியனும் வேண்டாம், அந்த ங்ங்ங் இருந்துவிட்டுப் போகட்டும். நீ என்னோடு பேசாமல் இருப்பதுதான் கூமே தாங்க முடியவில்லை.

தங்கள் முழங்கால் குளிர்காலத்தை நல்லபடி கடக்கட்டும். கூமா ரூஷாவின் கைக்கு என் முத்தம். தங்கள் ஆயுள் நீளட்டும், நான் சொன்னதற்கு நேர் எதிராக நெடுங்காலம் நீளட்டும்.

தங்கள் என்றும் பணிவுள்ள கூம்,
ராடிவோயே

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஸ்தொயான்கா கண்ணாடி போட்டு இதை இரண்டு முறை படித்தாள். படித்துவிட்டு, கூம் ஒயரிங் செய்தபோது கம்ப்யூட்டர் இருக்கும் அறை எங்கே இருந்தது என்று கேட்டாள். அங்கேதான் இருந்தது என்றேன். அங்கே பால்கனி இருந்தது என்றாள். தொண்ணூற்று மூன்றில், கடையில் ஒன்றுமே கிடைக்காத அந்த வருடத்தில், நான் பால்கனியைப் பலகை அடித்து அறையாக்கினேனாம், ரயில்வே கிடங்கிலிருந்து இரண்டு இழை ஒயரைக் கொண்டுவந்து நானே பிளக் வைத்தேனாம்.

"நான்தான் டார்ச் புடிச்சேன். எர்த்துக்கு மூணாவது கம்பி எங்கன்னு கேட்டேன். மேஜை விளக்குக்கு எதுக்கு மூணாவதுன்னு நீ என்னைத் திட்டுன" என்றாள்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது கூமே, திட்டியதுகூட ஞாபகம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரையும் ஆம்ப்பையும் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஃபிரிட்ஜ் பக்கத்தில் நீ வைத்த பிளக்கில் இரண்டையும் சொருகினோம். யாரும் விரல் வைக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை. மவுஸை நகர்த்தினேன், அதுவும் பேசவில்லை. பாட்டுக்கூட வைக்காமல் ஹெட்போனை மாட்டியபடி உட்கார்ந்திருந்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகவே உயிரோடு இல்லாதவன் நான்தான். மேலே எழுதியதை நீ படிக்க வேண்டாம். கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன், கூம் இதை முழுக்கப் படிக்கட்டும் என்று ஸ்தொயான்கா பிடுங்கிக்கொண்டாள். எங்கள் வம்சத்தில் புனிதர் நாளுக்கு இதுவரை யாரும் யாரையும் அழைத்ததில்லை. நான் உன்னை அழைக்கிறேன். வா. நீ வந்து மறுபக்கம் பிடிக்காமல் நான் புனிதர் நாள் ரொட்டியை உடைக்க மாட்டேன். அது உடையாமல் யாரும் சாப்பிட முடியாது, வந்தவர்கள் எல்லாம் மீனைப் பார்த்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருக்கட்டும். யாருக்காகக் காத்திருக்கிறோம், ஏன் என்று கேட்டால், போஷ்கோ முன்னாலேயே, சவேட்டா அம்மாள் முன்னாலேயே, அந்த வேலையைப் பார்த்தது நான்தான் என்று சொல்லிவிடுவேன்.