சொன்னால் போதும்

தேர்வு அறைக்குள் அவசரம் நுழைந்தபோது நோயாளி ஏற்கெனவே தரையில் படுத்திருந்தார். மின்விசிறி ஓடவில்லை. அதன் மூடி கழன்று தொங்கியது. கீழே ரிப்பேர்காரரின் ஏணியும், திருப்புளிகள் துருத்திக்கொண்டிருந்த ஒரு பையும் கிடந்தன. இந்தப் புழுக்கத்தில் மனிதன் பரீட்சையில் தேறுவதா, வேர்த்து வடிவதா?

ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவனுக்கு அவசரம் என்றுதான் பெயர். சர்க்கரை நோயாளிகளுக்கு முதலுதவி செய்யும் பயிற்சித் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தான். முதல் முறை, நோயாளியாக நடிக்க வந்தவரின் விரலில் நிஜமாகவே ஊசியைக் குத்திவிட்டான். இரண்டாம் முறை அவர் கையில் நிஜமாகவே டிரிப் ஏற்றப் போனான். அவர் எழுந்து ஓடியவர்தான், அப்புறம் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இன்றைக்குப் புது ஆளுக்கு ஏற்பாடு.

இதிலும் தோற்றால் வண்டியிலிருந்து இறக்கிச் சலவை அறைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒன்பது வருடம் உயிரைக் காப்பாற்றிய கை, இனிப் போர்வை துவைக்க வேண்டியதுதான்.

காலையில் மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க. எல்லாத்தையும் வாயால மட்டும் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மதிப்பெண் போடும் தேர்வாளருக்கும் அதுதான் வேதம். எதையும் செய்யக்கூடாது, செய்வதாகச் சொன்னால் போதும். பலன் என்ன என்பதை அவர் தாளைப் பார்த்துப் படிப்பார்.

அவசரம் கையைக் கட்டிக்கொண்டான்.

நோயாளியின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. விரல்கள் நடுங்கின. தேர்வாளர் அசந்துபோனார். பழைய ஆள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொள்ளக்கூடச் சோம்பல்படுவான், இவர் தொழில் தெரிந்தவர் என்று பாராட்டினார்.

அப்போது நோயாளி முனகினார். "சுகர்... பையில... மிட்டாய்..."

தேர்வாளருக்குச் சுர்ரென்று ஏறியது. விடையைச் சொல்லிக்கொடுக்கவா உங்களை வரவழைத்தோம் என்று பிடிபிடியென்று பிடித்தார்.

"தாள்ல மயக்கம்னு போட்டிருக்கு. நீங்க பேசக்கூடாது. கண்ண மூடுங்க."

கொஞ்ச நேரத்தில் நோயாளி சொன்னபடி கேட்டார்.

அவசரத்துக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து அவர் நெற்றியைத் தொட்டான்.

"சார், நிஜமாவே சில்லுனு இருக்கு. விரல்ல ஒரே ஒரு குத்து, குத்திப் பாத்துடட்டுமா?"

மறுபடியும் ஆரம்பித்துவிட்டாயா என்றார் தேர்வாளர். பேனா மூடியைத் திறந்து, மூன்றாவது முறையும் தோல்வி என்று எழுதிவிடட்டுமா என்று கேட்டார்.

சலவை அறையின் சோடா வாடை அவன் மூக்கில் அடித்தது. கையை இழுத்துக்கொண்டான்.

"மூச்சு இருக்கான்னு பாக்கறேன்," என்றான், பார்க்காமல்.

"இருக்கு," என்றார் தேர்வாளர், தாளைப் பார்த்து.

"விரல்ல குத்தி சுகர் பாக்கறேன்."

"முப்பத்தெட்டு."

"ரொம்பக் கம்மி. மயக்கத்துல இருக்கறதால வாயில எதுவும் குடுக்க மாட்டேன். நரம்பு வழியா குளுக்கோஸ் ஏத்தறேன்."

"நல்லது. இப்ப நூத்திப்பத்து. பேஷன்ட் கண்ணு முழிச்சிட்டார்."

பேஷன்ட் கண் விழிக்கவில்லை.

தேர்வாளர் தாளைச் சுருட்டி அவர் தோளில் தட்டினார். நடிப்புக்கும் ஓர் அளவு உண்டு, எழுந்திருங்கள் என்றார். அடுத்த தேர்வுக்குக் கூப்பிடமாட்டேன் என்று மிரட்டியும் பார்த்தார். அசைவில்லை. ஊறிப்போன நடிகர், கொஞ்சம் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த கட்டங்களிலும் டிக் அடித்து நீட்டினார். நூற்றுக்கு நூறு.

அவசரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டான்.

"பாஸாயிட்டேன். நீ சொன்ன மாதிரியே, அவருக்கு ஒண்ணுமே செய்யல."

அப்போது கதவு திறந்தது. மூச்சிரைக்க ஓர் ஆள் தலையை நீட்டினார்.

"மன்னிச்சுக்குங்க சார், பஸ்ஸ விட்டுட்டேன். பேஷன்ட்டா நடிக்க வரச்சொன்னீங்களே, நான் எங்க படுக்கணும்?"