பரண்மேல் இருந்து பார்த்த கடைசி ஆட்டம்

ஒரு விடுகதை போடுகிறேன். நின்ற இடத்தைவிட்டு அதிகம் நகரமாட்டார். குரல் உயராது. நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இருக்காது. ஆனால் எதிரே நிற்பவர் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடி ஓடி நாக்குத் தள்ளிப்போவார். யார் அவர்?

தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இந்த விடுகதை என்னுடையது அல்ல. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவருடையது. கடைக்கு வருபவர்கள் கண்ணாடி மாட்டிப் பார்க்கும்போது இதைப் போடுவார். அவர்கள் முழிப்பார்கள். உடனே சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டுவார். டென்னிஸ் சாம்பியனின் படம்.

"மற்றவங்க பந்தை அடிப்பாங்க சார். இவர் பந்துக்கு வழி சொல்லி அனுப்புவார்."

கண்ணாடி வாங்க வந்தவர் தலையாட்டிவிட்டுப் போவார். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் எங்கே போவது? சாம்பியன் ஆடும் நாளெல்லாம் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வோர் அடியாகப் பாடம் நடத்துவார். "பார், இப்ப வலையை ஒட்டி ஒரு செல்லத் தட்டு. அந்தப் பையன் முன்னால ஓடி வருவான். வந்ததும் அவன் தலைக்கு மேல ஒரு தூக்கு. பின்னால ஓடுவான் பார்!" செல்லத் தட்டு என்பது அவரே வைத்த பெயர். மனைவி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே 'ம்' கொட்டுவாள். அவள் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள். முகவரியை ஒரு பார்வை பார்ப்பாள். மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுவாள். கடிதம் அலமாரியில் தன் ஊருக்கான அறையில் போய் விழும். இதைக் கடைக்காரர் ஒருநாளும் கவனித்ததில்லை. அவருக்கு மணிக்கட்டு என்றால் உலகத்தில் ஒன்றுதான்.

அந்த மணிக்கட்டு ஓய்வுபெறப் போகிறது என்று செய்தி வந்தது. கடைசி ஆட்டம் ஞாயிறு மூன்று மணிக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் குழாய்க்காரர் வந்தார். கூடத்துப் பரணைப் பார்த்தார். "மேல ஈரம் கசியுது. திங்கள் காலையில சுவரை உடைக்கணும். அதுக்குள்ள பரணைக் காலி பண்ணிடுங்க" என்றார்.

கடைக்காரர் பரணை அண்ணாந்து பார்த்தார். அது சாதாரணப் பரண் அல்ல. கல்யாணமான நாளிலிருந்து மேலே போனது எதுவும் கீழே வந்ததில்லை. அதைக் காலி செய்ய ஆரம்பித்தால் ஞாயிறு முழுசாகப் போய்விடும். பார்க்க இன்னும் ஒரே ஓர் ஆட்டம்தான் மிச்சம், அதுவும் கைநழுவிவிடும்.

அவர் ஒரு சபதம் செய்தார். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. சாம்பியன் பாணியில் ஆடப்போகிறேன். ஒரே ஒரு செல்லத் தட்டு!

காலையில் வலது மணிக்கட்டில் பெரிய கட்டுடன் சாப்பாட்டு மேசைக்கு வந்தார்.

"ஏங்க, கையில என்ன?"

"ராத்திரி புரண்டு படுத்தேன். மணிக்கட்டு பிசகிடுச்சு."

"எந்தப் பக்கம் புரண்டீங்க?"

"வலது பக்கம்."

"அந்தப் பக்கம் சுவரு இல்ல இருக்கு?"

"அதான் பிசகிடுச்சு."

"சுவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

நடுவில் உட்கார்ந்திருந்த வாண்டின் தலை இடமும் வலமும் திரும்பியது. வாண்டு என்றால் அவர்களுடைய மகள், இரண்டாம் வகுப்பு.

"சரி, பாவம்" என்றாள் மனைவி. "நீங்க ஏற வேண்டாம். நானே ஏறிக்கிறேன்."

கடைக்காரருக்கு நம்பவே முடியவில்லை. முதல் புள்ளி இவ்வளவு சுலபமா! மனசுக்குள் தனக்குத் தானே கைதட்டிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியனிடம் ஏணி வாங்கி வந்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஏறினாள். "இடது கையால ஏணியைப் பிடிச்சுக்கிட்டாப் போதும்" என்றாள். பிடித்துக்கொண்டார். மேலே எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

"ஏங்க, இங்க ஒரு பெட்டி நிறைய பழைய பேப்பர். நனைஞ்சு போன மாதிரி இருக்கு. கீழ தள்ளிடட்டுமா? பேப்பர்காரர் வந்தா போட்டுடலாம்."

பழைய பேப்பரா! சாம்பியன் நீள முடி வைத்திருந்த காலத்திலிருந்து வெட்டிச் சேர்த்த படங்கள் அல்லவா!

"தொடாதே! நீ இறங்கு! நான் வரேன்!"

அவள் இறங்கி வழிவிட்டதுதான் தெரியும். கடைக்காரர் இரண்டு கையாலும் ஏணியைப் பற்றி, இரண்டிரண்டு படியாகத் தாவி, பரணுக்குள் பாய்ந்துவிட்டார். கைக்கட்டு அவிழ்ந்து பாதி ஏணியில் வால் மாதிரி தொங்கியது. வாண்டு அதை எடுத்துச் சுருட்டி வைத்தாள்.

பெட்டியைத் தடவிப் பார்த்தார். காய்ந்த சருகாக இருந்தது.

"நனையவே இல்லையே!"

"அப்படியா? இருட்டுல சரியாத் தெரியல. மேலதானே இருக்கீங்க, பின்னால அந்தக் கோடியில ஒரு மூட்டை இருக்கும், அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

தவழ்ந்துபோய் எடுத்துக் கொடுத்தார்.

"இந்தக் கோடியில ஓடாத ஃபேன்."

இந்தக் கோடிக்குத் தவழ்ந்தார்.

"அய்யய்யோ, ஃபேனோட இறக்கை அந்தக் கோடியிலயே இருக்குங்க."

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், தலைமுடியெல்லாம் ஒட்டடையாகப் பரண் விளிம்புக்கு வந்தார். கால் வைக்கத் துழாவினார். காற்றுதான் இருந்தது.

"ஏணி எங்கே?"

"பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டாரு. யார் வீட்டுலயோ கரண்ட் இல்லையாம். குடுத்தனுப்பிட்டேன்."

"நான் மேல இருக்கேன்!"

"தெரியுமே. ஆட்டம் முடியறதுக்குள்ள வந்துடும்."

"ஆட்டம் மூணு மணிக்கு!"

"அதான் டிவியை உங்க பக்கம் திருப்பி வெச்சிருக்கேனே. நிமிர்ந்து தெரியணும்னு முன்னால ரெண்டு புஸ்தகம் வேற முட்டுக்குடுத்திருக்கேன். படுத்துக்கிட்டே பாருங்க."

வேறு வழி? கடைக்காரர் குப்புறப் படுத்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அவர் எங்கே படுத்திருக்கிறார் என்பதே அவருக்கு மறந்துபோனது. சாம்பியனுக்கு வயசாகிவிட்டது; எதிராளிக்கோ மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பையன் பந்தை இடிபோல அடித்தான். சாம்பியன் அந்த இடியை வாங்கி, இறகாக்கித் திருப்பி அனுப்பினார். அவர் ஓடுவது தெரியவில்லை; பந்து வரும் இடத்தில் முன்னாலேயே இருந்தார். ஒற்றைக் கையால் அந்த பேக்ஹேண்ட்! தோள் திரும்பி, கை விரிந்து, அடித்து முடித்த பிறகும் ராக்கெட் காற்றில் ஒரு கணம் நின்றது.

ஆட்டக்காரர்கள் பக்கம் மாறி உட்காரும்போதெல்லாம் கீழே இருந்து குரல் வரும். "ஏங்க, இடைவேளை." கடைக்காரர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே ஒரு பெட்டியை இறக்குவார். மனைவி நாற்காலிமேல் நின்று வாங்கிக்கொள்வாள்.

கடைசியில் சாம்பியன் தோற்றார். ஆனால் தோற்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று நடந்தது. பையன் அவரை மைதானத்துக்கு வெளியே துரத்திவிட்டான். சாம்பியன் அங்கிருந்தபடி மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார். பந்து வலைக்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு வந்து கோட்டில் அமர்ந்தது. பையன் ஓடவே இல்லை. ராக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினான்.

எல்லாம் முடிந்து சாம்பியன் நான்கு பக்கமும் கையசைத்தார். பரண்மேல் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கீழேயும் கேட்டது.

"நீயும் அழறியா?" என்றார் கடைக்காரர்.

"பின்னே? இத்தனை வருஷமா சேர்ந்து பார்த்தவதானே? ஒவ்வொரு அடியா சொல்லிக்குடுத்தது யாரு?"

கடைக்காரர் யோசித்தார். பழைய பேப்பர் பெட்டி. தான் முன்னால் ஓடி வந்தது. பின்கோடி மூட்டை. தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் ஓடவிட்டது.

"என் கட்டு பொய்னு எப்ப தெரிஞ்சுது?"

"பிசகிடுச்சுன்னு சொல்றதுக்கு முன்னால பரணைப் பார்த்தீங்க. சொல்லி முடிச்சதும் டிவியைப் பார்த்தீங்க. உங்க ஆளு எந்தப் பக்கம் அடிக்கப்போறார்னு அவர் கண்ணு என்னைக்காவது காட்டிக்குடுத்திருக்கா?"

இதற்குள் எலெக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தார். "அண்ணே, மேல என்ன பண்றீங்க?"

"டென்னிஸ் பார்த்தேன்."

"கீழ இடம் இல்லையா?"

கடைக்காரர் ஏணியில் இறங்கினார். பரணில் ஈரமும் ஒரு பல்லியும்தான் மிச்சம். அவர் கையில் கடைசி மூட்டையிலிருந்து எடுத்த பழைய ராக்கெட் ஒன்று இருந்தது. தூசியை ஊதினார். நரம்பைத் தட்டிப் பார்த்தார்.

"வாண்டு, இந்தா. இனிமே இது உனக்கு. எப்படி ஆடணும்? நின்ன இடத்துல நின்னபடியே, சத்தம் போடாம, வியர்வை இல்லாம எதிராளியை ஓடவிடணும். அந்தப் பாணியை இந்த வீட்டுல யாரு நல்லா சொல்லித்தர முடியும்?"

மார்பை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தார்.

வாண்டு ராக்கெட்டை வாங்கிக்கொண்டாள். அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தாள்.