தென்றல் கொடுத்த தேர்ச்சி

சிவநேசனுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான். மைக் வேண்டும். மைத்துனர் கல்யாணத்தில் ஒருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். அவர் வாழ்த்தி முடிப்பதற்குள் பந்தியில் சோறு ஆறிவிட்டது. அன்றிலிருந்து பினாங்கின் ஜெலுத்தோங் வட்டாரத்தில் அவர் நாற்காலியை விட்டு எழுந்தாலே மைக்செட்காரர் ஒயரைப் பிடுங்கிவிடுவார்.

அப்படிப்பட்டவர் காதில் சங்கத் தலைவர் ஜெயராஜ் தேனை ஊற்றினார்.

"குடும்ப நல விழாவுக்கு இந்த வாட்டி வெளியாளு வேணாம்ணே. நெட்ல ஃப்ரீயா கோர்ஸ் இருக்கு, 'குடும்பமும் நலவாழ்வும்'னு. நம்ம ஆளுங்கள்ல யாரு மொதல்ல முடிக்கிறாங்களோ அவங்கதான் சிறப்புப் பேச்சாளர். மாலை, பொன்னாடை, அரை மணி நேரம் மைக்."

சிவநேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மனைவியிடம் அறிவித்தார்.

"பத்மா, நான் படிக்கப் போறேன்."

"பத்து காவான் ஃபேக்டரிலேர்ந்து பாலம் தாண்டி வந்தாலே படுத்துடுவீங்க. என்ன படிப்பு?"

"சமுதாயம், கல்வி, கலை, மனநலம், எல்லாம். இனிமே ஃபேக்டரி விட்டு வந்தா என்னத் தொந்தரவு பண்ணாத."

"ஃப்ரீதானே. என்னையும் சேத்து விடுங்களேன்."

சிவநேசன் சிரித்தார். "இது பெரிய விஷயம்லா. உனக்கு வெளங்காது. போயி தேத்தண்ணி கலக்கு."

பத்மாவதி அடுப்படிக்குப் போனாள். தேத்தண்ணீர் வந்தது. சீனிதான் இல்லை. படிக்கப் போகிற பரபரப்பில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

இலவசப் படிப்பு என்பதால் வாத்தியார் கிடையாது. பாடத்தைப் பார்த்துவிட்டு, அதன்படி வீட்டில் ஏதாவது செய்து, எழுதி, அந்தந்த ஊர்க் குழுவில் படத்தோடு போட வேண்டும். கூடப் படிப்பவர் அதைப் பார்த்துத் தேர்ச்சி கொடுப்பார். பினாங்குக் குழுவில் பலரும் முதல் பாடத்திலேயே ஓடிவிட, மிஞ்சியது இருவர். ஒருவர் சிவநேசன். மற்றவர் 'தென்றல்' என்ற புனைபெயரில், முகத்துக்குப் பதில் ஒரு செம்பருத்திப் பூவை வைத்திருந்தார். எழுத்து சுத்தமான தமிழ். யாரோ ஓய்வுபெற்ற ஆசிரியை என்று சிவநேசன் முடிவு கட்டினார்.

முதல் பயிற்சி, வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்வது. சிவநேசன் பகிர்ந்துகொண்டதாக எழுதினார். பத்மாவதி கிண்டிக்கொண்டிருந்த மீன் குழம்பைப் படமெடுத்து, 'இன்று என் கைப்பக்குவம்' என்று போட்டார்.

தென்றலின் பதில் வந்தது. 'குழம்பு சிறப்பு. ஆனால் கரண்டி பிடித்த கையில் வளையல் தெரிகிறதே ஐயா. மீண்டும் செய்க.'

வேறு வழியில்லை. பாசாருக்குப் போய் மீன் வாங்கி, செதில் முகத்தில் தெறிக்க ஆய்ந்து, தானே குழம்பு வைத்தார். 'குழம்பு சரி. சட்டியைக் கழுவியது யார்?' என்று வந்தது. கழுவினார். 'அடுப்பைத் துடைத்தது?' துடைத்தார். துணி துவைத்தார், குளியலறை தேய்த்தார், ஜன்னலில் தொங்கினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக, மைக் பிடிக்கப் போனவர் கையில் துடைப்பம் நின்றது.

தென்றலின் பயிற்சிகளுக்கு அவரும் தேர்ச்சி போட வேண்டுமே. படிக்க நேரமேது. வந்ததைத் திறக்காமலே 'மிக நன்று' என்று அனுப்பிவிடுவார்.

பத்மாவதியோ சோபாவில் காலை நீட்டி, கையில் போனோடு இருந்தாள்.

"என்ன பாக்குற?"

"நாடகங்க. ஒரு ஆம்பள மாட்டிக்கிட்டு முழிக்கிறாரு."

"கடைசில தப்பிச்சிருவானா?"

"தெரியலயே. நீங்க பாத்ரூம்ல மூலையெல்லாம் தேச்சிட்டீங்களா?"

"தேச்சிட்டேன். இந்தத் தென்றல் இருக்கே, பொல்லாதது. அது புருஷன் ரொம்ப பாவம் பத்மா."

"பாவந்தாங்க," என்றாள் பத்மாவதி மனசார.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் மடித்த துணிகள் அலமாரியில் நேராக நிற்பதைப் பார்த்துச் சிவநேசனுக்கே பெருமையாக இருந்தது. பத்மாவதிக்கு ஏன் எப்போதும் முழங்கால் வலி என்பதும் அன்றுதான் உறைத்தது. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும் என்று பத்திரப்படுத்திக்கொண்டார்.

கடைசிப் பயிற்சி பொதுத் தொண்டு. அது விழா நாள் காலை வரை இழுத்துவிட்டது. தென்றலே யோசனை சொன்னார். 'உங்கள் பகுதியில் விழா ஏதும் நடந்தால் பாத்திரம் கழுவி உதவலாம்.' என்ன பொருத்தம் என்று சிவநேசன் பூரித்துப்போனார். மண்டபத்தின் பின்னால், புது ஜிப்பாவின் கையை மடித்துவிட்டு, காலைப் பசியாறலுக்கு உப்புமா கிண்டிய அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்தார். படமெடுத்து அனுப்பினார். தேர்ச்சி வந்தால் நேராக மேடைதான்.

ஒலிபெருக்கியில் ஜெயராஜின் குரல் கேட்டது. "நம்ம சங்கத்துல மொதல்ல படிச்சு முடிச்ச சிறப்புப் பேச்சாளர்..."

தேர்ச்சி வந்துவிட்டது போலிருக்கிறது என்று சிவநேசன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

"...திருமதி பத்மாவதி சிவநேசன்."

அவள் பெயரின் பின்பாதியாக அவர் பெயர் மட்டும் மேடையேறியது. முழு ஆளும் சோப்பு நுரையோடு வாசலில் நின்றார். பத்மாவதி மாலையும் பொன்னாடையுமாக மைக்கைப் பிடித்து, "எங்கூட ஒருத்தரு படிச்சாரு. மொத நாளு யாரோ வச்ச கொழம்ப தன் கொழம்புன்னு காட்டுனாரு," என்று ஆரம்பித்தாள். மண்டபமே சிரித்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தும் சிரித்தார்கள். அரை மணி நேரம் பேசினாள். யாரும் ஒயரைப் பிடுங்கவில்லை.

அவள் இறங்கி வந்ததும் சிவநேசன் மறித்தார்.

"நீதான் தென்றலா?"

"ஆமாங்க."

"உனக்கு யாரு பாஸ் போட்டது?"

"நீங்கதான். எல்லாத்துக்கும் மிக நன்று. ஒண்ணத் தொறந்து பாத்திருந்தாகூட நம்ம வீட்டு கர்ட்டன் தெரிஞ்சிருக்கும்."

சிவநேசன் மேடையைப் பார்த்தார். சண்டை போட இது நேரமில்லை. விழா முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நன்றியுரைக்காவது மைக் கிடைக்கலாம்.

"சரி, போனது போகட்டும். எனக்கும் பாஸ் போட்டு விட்டுரு பத்மா."

பத்மாவதி பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு போனை எடுத்துப் பார்த்தாள்.

"அண்டாவோட அடி இன்னும் கருப்பாத்தான் இருக்குங்க."